டஸ்கனியில் வழிகாட்டியுடன் குழுச் சுற்றுலா: பெற்றோருக்கு எந்தத் திட்டம் பொருந்தும்?

கேள்வி: மாடக்குளம்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த ஆண்டு என் பெற்றோரை இத்தாலிக்கு, குறிப்பாக டஸ்கனி வட்டாரத்துக்கு, வழிகாட்டியுடன் செல்லும் குழுச் சுற்றுலா ஒன்றில் அனுப்ப விரும்புகிறேன். அப்பா மதுரையில் வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தைத் தம் பணிக்காலம் முழுவதும் மாணவர்களுக்குக் கற்பித்தவர், அந்த நகரங்களில் ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை. அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கட்டடங்களைவிட வயலும் தோட்டமும்தான் அவருக்குப் பிடிக்கும். பழைய நகரங்களும் நாட்டுப்புறமும் சேர்ந்து அமையும் பயணமாக இருந்தால் இருவருக்கும் நிறைவாக இருக்கும் என்று எண்ணியே டஸ்கனியைத் தேர்ந்தெடுத்தோம். என்னால் உடன் செல்ல இயலாது; அதனால்தான் அவர்களாகச் சுற்றுவதைவிடக் குழுவுடன் போவது பாதுகாப்பு என்று நினைக்கிறோம்.

இரண்டு திட்டங்கள் கையில் உள்ளன. முதலாவது சென்னையிலிருந்து புறப்படும் குழு. நாற்பது பேர் அளவில் இருப்பார்கள். தமிழ் பேசும் சுற்றுலா மேலாளர் முதலிலிருந்து கடைசி வரை உடன் வருவார். மூன்று வேளையும் இந்திய உணவு. எட்டு நாளில் ரோம், பீசா, ஃபுளோரன்ஸ், சியெனா, சான் ஜிமின்யானோ, வெனிஸ் ஆகிய ஊர்கள் அடங்கும் என்று பட்டியல் சொல்கிறது. இரண்டாவது, இத்தாலியிலேயே உள்ள ஓர் ஏற்பாட்டாளர் நடத்தும் பதினாறு பேர் குழு. ஃபுளோரன்ஸில் மூன்று இரவு, சியெனாவில் ஓர் இரவு, பியென்சா என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை விடுதியில் மூன்று இரவு. வழிகாட்டி ஆங்கிலத்தில் பேசுவார். காலை உணவும் சில இரவு உணவுகளும் மட்டுமே கட்டணத்தில் சேரும். இதன் விலை முதல் திட்டத்தைவிடக் கணிசமாகக் கூடுதல்.

அம்மாவுக்கு இரண்டு மூட்டிலும் வலி உண்டு. சமதரையில் நிதானமாக நெடுந்தூரம் நடப்பார். ஏற்றமும் படிக்கட்டும் என்றால் சிரமப்படுவார். இருவரும் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. இந்த இரண்டு திட்டங்களையும் எந்த அளவுகோலை வைத்து ஒப்பிடுவது, அம்மாவால் சமாளிக்க முடியுமா, உணவுக்கு என்ன செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


பதில்: வழித்துணை

சகோதரிக்கு வணக்கம். ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஒரு சுற்றுலாத் திட்டத்தைப் பார்க்கும்போது அதில் எத்தனை ஊர்களின் பெயர் இருக்கிறது என்பதைக் கடைசியாகப் பாருங்கள். இரவில் எங்கே தங்குகிறார்கள், பேருந்து எங்கே இறக்கிவிடுகிறது என்னும் இரண்டையும் முதலில் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதிலே உங்கள் பெற்றோர் எதைக் காண்பார்கள் என்பதைத் தீர்மானித்துவிடும்.

முதலில் தங்குமிடம். முதல் திட்டத்தில் விடுதி எங்கே என்று போட்டிருக்கிறது என்பதைத் திரும்பவும் பாருங்கள். ‘ஃபுளோரன்ஸ் பகுதி’ என்று எழுதியிருந்தால், விடுதியின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரிய குழுக்களைப் பெரும்பாலும் மொந்தேகாத்தினி தெர்மே என்னும் வெந்நீர் ஊற்று ஊரில் தங்கவைப்பார்கள். அழகான ஊர்தான், நூற்றுக்கணக்கான விடுதிகள் அங்கே இருப்பதால் வாடகையும் குறைவு. ஆனால் அது ஃபுளோரன்ஸிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவு தள்ளி இருக்கிறது. காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் நெரிசலில் பேருந்துக்குள் கழியும். அதைவிடப் பெரிய இழப்பு, பகல்நேரக் கூட்டம் கலைந்த பிறகு ஆர்னோ ஆற்றங்கரையில் நடப்பதும், சாந்தா குரோசே தேவாலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அவர்களுக்கு வாய்க்காது என்பதுதான். அந்த ஊர்களுக்கு உரிய முகம் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும்தான் தெரியும். ஊருக்குள் தங்கியவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும்.

அடுத்தது பேருந்து. டஸ்கனியின் பழைய ஊர்கள் பலவும் மதில் சூழ்ந்தவை, பலவும் குன்றின்மேல் அமைந்தவை. மதிலுக்குள் பெரிய சுற்றுலாப் பேருந்து எதுவும் நுழையாது. சாதாரண காரே அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைந்தால் கேமரா படம் பிடித்துத் தண்டம் வீட்டுக்கு வந்துவிடும். பீசாவில் சாய்ந்த கோபுரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி உள்ள நிறுத்தத்தில்தான் குழுப் பேருந்துகள் நிற்கும். சான் ஜிமின்யானோவில் தெற்கு வாசலுக்கு வெளியே இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கல் பாவிய தெரு ஒன்று விடாமல் ஏறிக்கொண்டே போய்க் கிணற்றுச் சதுக்கத்தில் முடியும். ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்லப்படும் அந்த ஊரில் இன்று எஞ்சியுள்ள 14 கோபுரங்களைத் தூரத்திலிருந்து சாலையிலேயே காணலாம் என்பதால், ஏற முடியாதவர்களுக்கு இந்த ஊர் முழு இழப்பாகாது. சியெனாவில் மதிலின் சில பக்கங்களிலிருந்து மேலே செல்ல நகரும் படிக்கட்டுகள் அமைத்திருக்கிறார்கள். குழு எந்த வாசல் வழியாக ஏறும் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டு, நகரும் படிக்கட்டு உள்ள வழியாகவே அழைத்துச் செல்வதாக உறுதி வாங்குங்கள். அம்மாவுக்கு மிகவும் ஏற்ற ஊர் லூக்கா. அது சமதரையில் அமைந்தது. அதன் மதில்மேல் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சுற்றளவில் மரங்கள் நிழல் தரும் அகலமான நடைபாதை ஓடுகிறது, வழியெங்கும் பெஞ்சுகள் உண்டு. உங்கள் பட்டியல் இரண்டிலும் லூக்கா இல்லாதது எனக்கு வருத்தமே. இரண்டாவது திட்டத்தில் ஃபுளோரன்ஸில் ஒரு பகல் பொழுது அவர்கள் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தால், சாந்தா மரியா நொவெல்லா நிலையத்திலிருந்து ரயிலேறி ஒன்றரை மணி நேரத்துக்குள் லூக்காவில் இறங்கிவிடலாம்.

ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புருனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை, தரையிலிருந்து சாரம் கட்டித் தாங்காமலேயே எழுப்பிய கட்டுமானம் அது; உங்கள் அப்பா நிச்சயம் மேலே ஏற விரும்புவார். 463 படிகள், மின்தூக்கி கிடையாது, பாதை குறுகலானது, நடுவில் திரும்பிவரவும் வசதி இல்லை. இதய நோயோ தலைச்சுற்றலோ இருந்தால் வேண்டாம். அப்பா ஏறும் நேரத்தில் அம்மா பேராலயத்துக்குப் பின்னாலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கலாம். கிபெர்த்தி செய்த ஞானஸ்நான மண்டபக் கதவுகளின் மூலச் சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. மண்டபத்தில் இப்போது இருப்பவை நகல்கள். அங்கே மின்தூக்கியும் இருக்கைகளும் உண்டு.

பட்டியலில் உள்ள வினைச்சொற்களையும் கூர்ந்து படியுங்கள். ‘காணுதல்’ என்றால் பெரும்பாலும் வெளியிலிருந்து, சில வேளைகளில் பேருந்துக்குள்ளிருந்தே காண்பது. ‘நுழைவுக் கட்டணத்துடன்’ என்று இருந்தால் மட்டுமே உள்ளே போவார்கள். உஃபிசி ஓவியக்கூடமும், மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை உள்ள அக்காதேமியாவும் திங்கட்கிழமை மூடப்படும். அந்த ஒரு நாளில் ஃபுளோரன்ஸ் வரும் குழு, அரண்மனை முன் நிற்கும் நகல் சிலையைத்தான் பார்த்துவிட்டுப் போகும். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே கூட்டம் தாங்காது. அந்த நாளையும் தவிர்ப்பது நல்லது. தேதி வாரியாக, கிழமை போட்டு, ஒவ்வோர் ஊரிலும் எத்தனை மணி நேரம் என்ற விவரத்தைக் கேளுங்கள். நேர்மையான ஏற்பாட்டாளர் ஒரு நாளுக்குள் அனுப்பிவிடுவார்.

ரோமிலிருந்து வெனிஸ் வரை எட்டு நாளில் போவதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும்; ஒரு நாளில் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது; நாள்தோறும் நீண்ட இரவு ஓய்வும் கட்டாயம். விதி மிகவும் நல்லது. ஆனால் நெரிசலில் ஒரு மணி நேரம் போனால் அது ஓட்டுநரின் நேரத்திலிருந்துதான் கழியும், கடைசியில் ஏதோ ஓர் ஊர் சுருங்கும். பட்டியல் நெருக்கமாக இருக்கும்போது சுருங்குவது பெரும்பாலும் சியெனாவாகவே இருக்கும், ஏனென்றால் அது நடுவில் இருக்கிறது.

என் கருத்து இரண்டாவது திட்டம். தமிழ் பேசும் மேலாளர் கூட இருப்பது பெரிய ஆறுதல் என்பதை மறுக்கவில்லை. அப்பா ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசக்கூடியவர் என்றால் அந்த ஆறுதல் இல்லாமலும் அவர்கள் நன்றாகவே இருப்பார்கள்.


பதில்: சுவரோவியம்

நான் சியெனாவில் மேற்படிப்புக்காகச் சில காலம் வாழ்ந்தவள். மேலே சொன்னது எல்லாம் சரி. சியெனாவை அரை நாளில் முடிக்கும் எந்தத் திட்டத்தையும் உங்கள் அப்பாவுக்காக ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வந்தேன்.

சிப்பி வடிவில் சரிந்து இறங்கும் காம்போ சதுக்கத்தின் அடிப்பக்கத்தில் நகராட்சி மாளிகை நிற்கிறது. அதன் முதல் மாடியில், ஒன்பது பேர் கொண்ட ஆட்சிக்குழு கூடிய அறையின் சுவர்களில், 1338, 1339 ஆம் ஆண்டுகளில் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி நல்லாட்சியையும் கொடுங்கோன்மையையும் வரைந்தார். நல்லாட்சியின் விளைவைக் காட்டும் நீண்ட சுவரில் இடப்பக்கம் நகரம், வலப்பக்கம் நாட்டுப்புறம், நடுவே மதிலும் வாசலும். நகரத்துக்குள் கொத்தனார்கள் சாரத்தின்மேல் நின்று வீடு கட்டுகிறார்கள், செருப்புக் கடை திறந்திருக்கிறது, ஆசிரியர் ஒருவர் பாடம் சொல்கிறார், தெருவில் கைகோத்து ஆடுகிறார்கள். வாசலைக் கடந்தால் ஏற்றத்தாழ்வான குன்றுகள், திராட்சைத் தோட்டம், கதிரறுப்பு, களத்தில் போரடிப்பு, கழுதைமேல் மூட்டை ஏற்றி நகரத்துக்கு வரும் உழவர்கள், எதிரே வேட்டைக்குக் கிளம்பும் செல்வர்கள். வாசலுக்கு மேலே பாதுகாப்பு என்னும் பெண்ணுரு பறந்து நிற்கிறது. ஒரு கையில் எழுத்துச் சுருள், மறு கையில் தூக்குமரம். அச்சமின்றி யாரும் வழிநடக்கலாம், உழுது விதைக்கலாம் என்று அந்தச் சுருள் சொல்கிறது.

அரசர்களையும் புனிதர்களையும் மட்டுமே சுவரில் ஏற்றிய காலத்தில் ஒரு நகரம் தன் தெருவையும் வயலையும் இவ்வளவு பெரிதாக வரையச் செய்தது என்பதை வரலாற்று ஆசிரியர் ஒருவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கும் அந்தச் சுவரில் பார்ப்பதற்கு நிறைய உண்டு. களத்துமேட்டு வேலை எப்படி நடக்கிறது என்று அவரே வழிகாட்டிக்குச் சொல்லுவார். பத்து ஆண்டுகூட ஆகவில்லை, 1348 இல் கொள்ளைநோய் வந்து அந்த ஊரின் மக்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனது. ஓவியரும் அதில்தான் மறைந்தார் என்று கருதுகிறார்கள். பேராலயத்தைப் பெருமளவு விரிவாக்க 1339 இல் தொடங்கிய பணியும் நின்றது. கூரையில்லாமல் நிற்கும் அந்த உயரமான முகப்புச் சுவரை இன்றும் பேராலயத்தின் பக்கத்தில் காணலாம். ஓவிய அறையையும் இந்தச் சுவரையும் ஒரே காலையில் பார்த்துவிட்டு, மறுநாள் பேருந்தில் தெற்கு வாசல் வழியாக, பியென்சா இருக்கும் ஓர்ச்சா பள்ளத்தாக்குக்கு இறங்கினால், ஓவியத்தின் வலப்பக்கம் அப்படியே கண்ணெதிரே விரியும். இரண்டாவது திட்டம் போகும் வரிசையும் இதுதான் என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. அந்த அறையில் பராமரிப்புப் பணி நடக்கும் காலங்கள் உண்டு. போகும் தேதியில் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய தேதிகளைத் தவிருங்கள். பாலியோ குதிரைப் பந்தயம் நடக்கும் நாட்கள் அவை. நகரின் 17 பேட்டைகளில் பத்துப் பேட்டைகள் ஒவ்வொரு முறையும் ஓடும். சதுக்கத்தில் மண் கொட்டி ஓடுபாதை அமைப்பார்கள். பந்தயத்தைக் காணவே வருபவர்களுக்கு அது வாழ்நாள் அனுபவம், மூட்டுவலியுடன் அமைதியாக ஊர் பார்க்க வருபவர்களுக்கு நிற்க இடம் இருக்காது.

உணவைப் பற்றி. டஸ்கனி சைவர்களுக்குக் கடினமான இடமே இல்லை, எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும். ரிபொல்லீத்தா என்பது வெள்ளை பீன்ஸும் கரும்பச்சைக் கோஸ் இலையும் பழைய ரொட்டியும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சும் சூப். இறைச்சி வேகவைத்த நீர் சேர்த்தார்களா என்று மட்டும் கேட்க வேண்டும். பாப்பா அல் பொமொதோரோ தக்காளியும் ரொட்டியும் சேர்ந்தது. பீச்சி என்னும் தடித்த கை நூடுல்ஸ் பெரும்பாலும் மாவும் நீரும் மட்டும் சேர்த்துப் பிசைந்தது. சில வீடுகளில் முட்டை சேர்ப்பதால் விசாரித்துவிட்டு, பெரிய பூண்டும் தக்காளியும் சேர்ந்த ஆல்யோனே குழம்புடன் கேட்கச் சொல்லுங்கள். பீசா, லூக்கா பக்கம் செச்சீனா என்று ஒன்று விற்பார்கள்: கொண்டைக்கடலை மாவு, நீர், எண்ணெய், உப்பு, பெரிய தாம்பாளத்தில் விறகடுப்பில் சுட்டு, நம் அடையைப் போலத் துண்டு போட்டுத் தருவார்கள். அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும். அங்கத்திய ரொட்டியில் உப்பு போடுவதில்லை, அதற்கு அவர் தயாராக இருக்கட்டும்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். உணவகத்தில் முதலில் கொண்டுவந்து வைக்கும் சுட்ட ரொட்டித் துண்டுகளின்மேல் பழுப்பு நிறத்தில் தடவியிருப்பது கோழி ஈரல். பார்ப்பதற்கு ஏதோ பருப்புத் துவையல் மாதிரியே இருக்கும். குழுவுக்குப் பொதுவாக வைக்கும் தட்டில் இது வரும் என்பதால், பயணம் தொடங்கும் முன்பே மீன், இறைச்சி, முட்டை எதுவும் வேண்டாம் என்று ஏற்பாட்டாளருக்கு எழுதி, ஒவ்வோர் உணவகத்துக்கும் சொல்லச் சொல்லுங்கள். பாலாடைக்கட்டி உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பயன்படுத்துவது அங்கே வழக்கம்; பார்மிஜானோவுக்கு அதுவே விதி. அதையும் தவிர்ப்பவர்கள் என்றால் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.


மாடக்குளம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் திட்டத்தின் விடுதி முகவரியைக் கேட்டேன்; நீங்கள் சொன்ன மொந்தேகாத்தினிதான். உஃபிசிக்கு உள்ளே போவதும் கட்டணத்தில் சேரவில்லை என்று தெரியவந்தது. இரண்டாவது திட்டத்தை நோக்கியே மனம் செல்கிறது. பியென்சா அருகே மூன்று இரவுகள் தங்குவது அதிகம் என்றும், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்றும் உறவினர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா? எந்த மாதத்தில் அனுப்பினால் அந்த நாட்டுப்புறம் நன்றாக இருக்கும்? மேலும் அந்த மூன்று நாட்களில் மோண்டெபுல்சியானோ என்னும் ஊரும் வருகிறது. அது செங்குத்தான ஊர் என்று படித்ததால் அம்மாவை நினைத்துக் கவலையாக இருக்கிறது.


பதில்: பழஞ்சுவடி

மகளே, உன் கேள்வியில் மதுரை என்ற பெயரையும் மோண்டெபுல்சியானோ என்ற பெயரையும் சேர்த்துப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1606 இல் மதுரைக்கு வந்து, காவியுடுத்து, சைவ உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலியின் குடும்பத்துக்குப் பூர்வீக ஊர் அதுதான். தமிழ் உரைநடையில் அவர் எழுதியவற்றை உன் அப்பா நன்கு அறிந்திருப்பார். 1656 இல் மயிலாப்பூரில் இறந்தார். மோண்டெபுல்சியானோவின் உச்சியில் உள்ள பெரிய சதுக்கத்தில், பேராலயத்துக்கு எதிரே, நொபிலி குடும்பப் பெயரைத் தாங்கிய மாளிகை இன்றும் நிற்கிறது. கீழே வளைவுகள் திறந்த மண்டபம், பக்கத்தில் சிங்கங்கள், ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சிக் குடும்பத்தின் சின்னத்தைத் தாங்கி நிற்கும் கிணறு. அவருடைய உறவினரும், 1616 இல் கலிலியோவை அழைத்து எச்சரித்தவருமான கார்டினல் பெல்லார்மின் 1542 இல் பிறந்ததும் அதே ஊரில்தான். ஃபுளோரன்ஸில் சாந்தா குரோசே ஆலயத்தில் கலிலியோவின் கல்லறையைக் கண்டுவிட்டு இந்தச் சதுக்கத்தில் வந்து நிற்பது உன் அப்பாவுக்கு எத்தனை பெரிய நிறைவாக இருக்கும் என்று என்னால் எண்ணிப்பார்க்க முடிகிறது. ஆங்கில வழிகாட்டிகள் நொபிலியைப் பற்றி பெரும்பாலும் பேசுவதில்லை. அப்பாவே குழுவுக்குச் சொல்லலாம்.

செங்குத்து என்பது உண்மைதான். கீழ்வாசலிலிருந்து சதுக்கம் வரை தெரு முழுக்க ஏற்றம். அம்மா நடந்து ஏற வேண்டியதில்லை. கீழிருந்து மேல் சதுக்கத்துக்குச் சிறிய உள்ளூர்ப் பேருந்து ஓடுகிறது, வாடகைக் காரும் போகும். மேலே இறங்கிச் சதுக்கத்தைப் பார்த்துவிட்டு இறக்கத்தில் பாதி தூரம் வந்தால் போதும் என்று வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். ஊருக்கு வெளியே, சைப்ரஸ் மரங்கள் இருபுறமும் நிற்கும் சாலையின் கடைசியில், 1518 இல் கட்டத் தொடங்கிய சான் பியாஜோ ஆலயம் சமதரையில் இருக்கிறது. அங்கே வாசல் வரை வண்டி போகும்.

பியென்சாவில் மூன்று இரவு அதிகம் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரே ஒரு முக்கியத் தெரு உள்ள ஊர், உள்ளே ஏறக்குறைய சமதரை. அங்கே பிறந்த பிக்கொலோமினி என்பவர் போப்பாண்டவர் இரண்டாம் பயஸ் ஆனதும், ரொசெல்லினோ என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு 1459 முதல் 1462 வரையிலான மூன்றே ஆண்டில் தம் சிற்றூரை மாதிரி நகரமாக மாற்றினார். பேராலயத்தின் பின்பகுதி உறுதியற்ற சரிவின்மேல் நிற்பதால் கட்டிய காலம் முதலே மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே சென்றால் விரிசலைக் கண்ணால் காணலாம். பிக்கொலோமினி மாளிகையின் தோட்டத்திலிருந்து அமியாத்தா மலை வரை பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஊரின் தென்புற மதிலோரம் சமமாக ஓடும் நடைபாதையிலும் அதே காட்சிதான். அம்மா காலையும் மாலையும் அங்கே நடக்கலாம்.

ஓர்ச்சா பள்ளத்தாக்கை 2004 இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக ஏற்றதற்குக் காரணமே, அது மனிதர் கைபட்டு உருவான நிலம் என்பதுதான். களிமண் மேடுகளைச் சியெனா நகரத்தார் திட்டமிட்டுத் திருத்தி, வயலும் பண்ணை வீடும் மரவரிசையுமாக அமைத்தார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவருக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஓடும் பேருந்தின் கண்ணாடி வழியே பார்த்தால் உறவினர் சொன்னது மெய்யாகிவிடும். பண்ணையில் தங்கி, காலை ஏழு மணிக்குப் பள்ளத்தில் மூடுபனி தேங்கி நிற்பதையும், வெயில் ஏற ஏற அது விலகி ஒவ்வொரு மேடாக வெளிப்படுவதையும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும். ஒரு மாலை பாஞ்ஞோ விஞ்ஞோனிக்கு அழைத்துப் போவார்கள். அந்த ஊரின் நடுச்சதுக்கமே வெந்நீர்க் குளம். குளத்தில் இறங்க அனுமதி இல்லை, ஆனால் பக்கத்தில் ஓடும் வாய்க்காலில் இளஞ்சூட்டு நீரில் கால் நனைக்கலாம்.

மாதம் என்று கேட்டால் மே என்பேன். கோதுமை பச்சையாக இருக்கும், நடுநடுவே சிவப்புப் பாப்பி பூத்திருக்கும், வெயில் உடம்பைச் சுடாது. ஜூன் கடைசியில் கதிர் முற்றிப் பொன்னிறமாகும். ஜூலை, ஆகஸ்டில் ஃபுளோரன்ஸில் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவது சாதாரணம்; ஆகஸ்ட் நடுவில் கடைகள் பலவும் மூடிவிடும். செப்டம்பர் கடைசி வாரங்களில் திராட்சை அறுவடை நடக்கும், ஆனால் வயல்கள் உழுது வெறும் மண்ணாக இருக்கும். அம்மாவுக்காகத்தானே நாட்டுப்புறம் சேர்த்தீர்கள். அவருக்குப் பச்சை வயல் வேண்டும் என்றால் மே மாதத்துக்கு மாற்று இல்லை.


மாடக்குளம்

ஐயா, நொபிலி செய்தியை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் உடனே அலமாரியிலிருந்து பழைய குறிப்பேடுகளை எடுத்து உட்கார்ந்துவிட்டார். மே மாதம், இரண்டாவது திட்டம் என்று முடிவு செய்துவிட்டோம். முன்பணம் கட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியது வேறு ஏதேனும் உண்டா? விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது?


பதில்: வழித்துணை

மகிழ்ச்சி. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் என்பார்கள், 45 நாள் வரை நீளவும் விதி இடம் தருகிறது. கோடை நெருங்கும்போது நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால் ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். அம்மாவின் மூட்டுவலியைக் காப்பீட்டுப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

முன்பணத்துக்கு முன் ஏற்பாட்டாளரிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டியவை இவை: விடுதிகளின் பெயரும், ஃபுளோரன்ஸ் விடுதியில் மின்தூக்கி இருக்கிறதா என்பதும் (பழைய மாளிகைகளில் பல வேளைகளில் இருக்காது), பண்ணை விடுதியில் தரைத்தள அறை, உஃபிசிக்கும் அக்காதேமியாவுக்கும் நேரம் குறித்த நுழைவுச் சீட்டு, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்பது. தோல்பொருள் கடைக்கோ திராட்சை மதுக் கூடத்துக்கோ அழைத்துச் செல்வது திட்டத்தில் இருந்தால், எத்தனை நிமிடம் என்றும் கேளுங்கள். என் உறவினர் ஒருவர் போன குழுவில் கடையில் ஒன்றரை மணி நேரம் கழிந்து, உஃபிசியில் பாதி அறைகளைப் பார்க்காமலே திரும்பினார்கள். நகரத் தங்கல் வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று விடுதியிலேயே தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்; கையில் சில்லறை யூரோ வைத்திருப்பது நல்லது.

வழிகாட்டியின் குரல் காதுக்கருவி வழியாகத்தான் வரும். அது கிடைத்துவிட்டால் அம்மா குழுவின் வேகத்துக்கு ஓட வேண்டியதில்லை. சற்றுப் பின்னால் நிழலில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொள்ளலாம். மூட்டுக்கு ஆதரவாக மடக்கும் ஊன்றுகோல் ஒன்றும், ரப்பர் அடி கொண்ட பழகிய செருப்பு அல்லது ஷூவும் போதும். கல் பாவிய தெருவில் புதுச் செருப்பு கடிக்கும். தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதால் அம்மா புடவையிலேயே போகலாம், எங்கும் தடை இல்லை.